கல்லெறிந்து காத்தவர்

ஒரு புள்ளிமான் என்மேல் பாசம் வைத்திருக்கிறது என்று ஒரு கோடைகாலம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தவன் நான். வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட நானே முதலில் சொல்லிவிடுவது மரியாதை. அப்போது எனக்கு வயது நாற்பத்தாறு. பெரம்பலூரில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருந்தேன், இப்போதும் வைத்திருக்கிறேன். காதுகுத்திலிருந்து கண்ணீர் அஞ்சலி வரைக்கும் எல்லார் முகத்தையும் வெளுப்பாக்கி, பெரிதாக்கி, பின்னால் ஓர் அருவியும் வைத்துத் தருகிற தொழில். அந்தத் தொழிலில் இருப்பவனுக்கு யார் எதற்காகத் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றாவது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. மான் விஷயத்தை என் மனைவியிடம் சொன்னபோது, அவள் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "அதுக்கும் கண்ணுல பவர் இருக்கும்போல. கண்ணாடி போடச் சொல்லுங்க" என்றாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். மானைப் பார்த்துப் பொறாமை.

போகட்டும். என்னைப் பற்றி இதற்குமேல் எழுத விஷயம் கிடையாது. நான் சொல்ல வந்தது கம்பவுண்டரம்மாவைப் பற்றி.

அவர் கம்பவுண்டர் இல்லை. கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டர் ஊசி போடும்போது மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்துகிற வேலை. முப்பது வருடம் பிடித்ததில் வலது கைச் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்து, எதையோ சுட்டிக்காட்டுவதுபோல் நிரந்தரமாக நின்றுவிட்டது. ஊர் அவருக்குக் கொடுத்த பதவி உயர்வுதான் கம்பவுண்டரம்மா. சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். பெயரை வைத்து எதையும் கூப்பிடுவது அவருக்குப் பிடிக்காது.

எங்கள் ஊர்க்காடு என்பது, பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையை ஒட்டி, ஏரிக்குப் பின்னால் கிடக்கிற பஞ்சாயத்து நிலம். காடு என்றதும் அருவியும் யானையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். உசிலை, வெள்வேல், காரை, சூரைமுள், நடுவில் நாலைந்து வேம்பு. பின்பக்கம் அரசாங்கத்துக் காப்புக்காட்டோடு போய்ச் சேரும். அங்கிருந்து மான்கள் இறங்கி வரும். மயில், முயல், உடும்பு, நரி உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் ஒரு பத்துப் பதினைந்து பேர் அங்கே கூடுவோம். சீமைக்கருவேலைப் பிடுங்குவது, பாட்டில் பொறுக்குவது, கோடையில் விலங்குகளுக்குத் தண்ணீர்க்குழி நிரப்புவது. குழுவுக்கு ஒரு தலைவர். இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்தவர். எல்லா உயிருக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டும் என்று பேச்சைத் தொடங்கினால், கேட்பவர் கை தானாகப் பையைத் தடவும்.

நான் போன முதல் ஞாயிறு, குளித்து, பவுடர் போட்டு, வெள்ளைச் சட்டையில் போயிருந்தேன். வேம்படியில் நின்ற கம்பவுண்டரம்மா என்னைச் சுற்றி ஒரு முறை மூச்சை இழுத்தார்.

"தம்பி, பவுடர் போட்டிருக்கீங்களா?"

"லேசாங்க."

"கல்யாணத்துக்குப் போற வழியா?"

"இல்லீங்க. இங்கதான் வந்தேன்."

"அப்ப அந்த வாளில கைய வுடுங்க. மூஞ்சியும் கழுவிக்கிங்க."

வாளியில் கரைத்த சாணித் தண்ணீர். நான் தலைவரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே முகத்தில் பச்சையாகச் சொட்டிக்கொண்டு, "பழகிடும் தம்பி" என்றார். தண்ணீர்க்குழியைத் தொடுகிற எவரும் அந்த வாளியில் கையைவிட்டுத்தான் தொட வேண்டும் என்பது அந்த அம்மாவின் சட்டம். மனித வாடை தண்ணீரோடு சேர்ந்து வந்தால், மனித வாடை நல்ல வாடை என்று மான்கள் முடிவு கட்டிவிடுமாம். என் மனைவி அன்று என்னை வாசலிலேயே நிறுத்தி, எந்த வாடை என்றும் முடிவு கட்ட முடியாமல், பின்பக்கமாக வரச் சொன்னாள்.

குழுவில் என் பங்களிப்பு பழைய ஃப்ளெக்ஸ். குழி தோண்டி அதில் ஃப்ளெக்ஸை விரித்தால் தண்ணீர் இறங்காது. முதல் தடவை ஒரு கல்யாண பேனரைக் கொண்டுபோய் விரித்தேன். மாப்பிள்ளை கூலிங்கிளாஸோடு வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தார். டிராக்டர் டேங்கிலிருந்து தண்ணீர் விழ, அவர் மூழ்கிக்கொண்டே சிரித்தார். எல்லாரும் சிரித்தோம். கம்பவுண்டரம்மா டேங்கை நிறுத்தச் சொன்னார்.

"இவரக் கவுத்துப் போடுங்க தம்பி."

"ஏங்க, மாப்ள நல்லாத்தானே இருக்காரு?"

"குனிஞ்சு குனிஞ்சு இவரு மூஞ்சிலதான குடிக்கும். அப்புறம் மனுச மூஞ்சிய எங்க பாத்தாலும் தண்ணி இருக்குன்னு வரும்."

"மான் அவ்வளவு யோசிக்குமாங்க?"

"நீங்க யோசிக்கலன்னா அது என்ன பண்ணும்?"

விட்ட தண்ணீரை வெளியே இறைத்து, மாப்பிள்ளையைக் குப்புறப் போட்டு, வெள்ளைப் பக்கம் மேலே வருகிறமாதிரி விரித்தோம். அதற்குப் பிறகு எத்தனையோ பேரைக் குப்புறப் போட்டிருக்கிறேன். வேட்பாளர், பூப்பெய்திய பெண், பிறந்தநாள் கொண்டாடும் அண்ணன், யாருக்கும் விலக்கு கிடையாது.

அவர் கையில் எப்போதும் ஒரு மஞ்சப்பை இருக்கும். மற்றவர்கள் பையில் தண்ணீர் பாட்டிலும் முறுக்கும் இருக்கும். அவர் பையில் கல். நெல்லிக்காய் அளவு ஜல்லி. மானோ மயிலோ மனிதர்கள் இருக்கும்போது ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்துவிட்டால் கல் பறக்கும். மேலே படாது. முன்னங்காலுக்கு ஒரு முழம் தள்ளி மண் தெறிக்கும். அந்தக் குறி எனக்கு இருந்திருந்தால் மாவட்ட கிரிக்கெட் அணியில் இருந்திருப்பேன். கூடவே ஒரு சத்தம் கொடுப்பார், "ஏய், போ அங்கிட்டு" என்று. நாயைக்கூட யாரும் அப்படி விரட்ட மாட்டார்கள். குழுவில் புதிதாகச் சேர்கிறவர்கள் முதலில் கேட்பது, "அந்த அம்மாவுக்கு மிருகங்கன்னா புடிக்காதா?" என்பதுதான். பிடிக்காதவர் எதற்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்து வெயிலில் நிற்க வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

ஒரு தடவை ஓர் அதிகாரியைத் தலைவர் அழைத்து வந்தார். வேலி போடப் பணம் ஒதுக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று திட்டம். அதிகாரி வந்த நேரம் நல்ல நேரம். ஆறு மான்கள் வேம்புக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில் வந்து நின்றன. அதிகாரி சந்தோஷப்பட்டுப் போனை எடுத்தார். பொத்தானை அழுத்துவதற்குள் பின்னாலிருந்து சாணி வாளியைக் கல்லால் தட்டுகிற சத்தம். ஆறும் காற்றாகிவிட்டன. அதிகாரி போனில் விழுந்தது ஒரு புதரும் என் தோளும்.

அவர் ஜீப்பில் ஏறிப் போன பிறகு தலைவர் அழாத குறை. "ஏம்மா, ஒரு போட்டோ எடுத்தா என்னம்மா? அவரு என்ன சுட்டா தின்னப் போறாரு?"

"எடுத்துட்டு அவரு வூட்டுக்குப் போயிடுவாரு. நாளைக்கு இன்னொருத்தன் வருவான். அவன் கையில இருக்கறது போனா துப்பாக்கியான்னு அதுக்கு யாரு சொல்லுவா, நீங்களா?"

"வேலி போச்சேம்மா."

"பயம் இருந்தா வேலி எதுக்கு?"

வேலி இன்றுவரை வரவில்லை. அது வேறு.

குழுவில் இருந்த கல்லூரிப் பிள்ளைகள் மான்களுக்குப் பெயர் வைக்கத் தொடங்கினார்கள். கொம்பு பெரிதாக இருந்ததற்கு ஒரு நடிகர் பெயர், ஒல்லியாக இருந்ததற்கு ஒரு நடிகை பெயர். கம்பவுண்டரம்மா கேட்டுக்கொண்டே காலில் தைத்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பிடுங்கி முடித்துவிட்டுச் சொன்னார். "பேரு வச்சா கூப்புடத் தோணும். கூப்புட்டா ஒருநாள் வரும். வந்துச்சுன்னா முடிஞ்சுது." பிறகு, யாரும் கேட்காமலே, "முப்பது வருசம் மாட்டப் புடிச்சிருக்கேன். முட்டுற மாட்ட வாங்க ஏவாரி யோசிப்பான். பேரச் சொல்லிக் கூப்புட்டா வர்ற மாடுதான் லாரில மொதல்ல ஏறும். வாலாட்டிக்கிட்டே ஏறும்" என்றார். நான்தான் சூழ்நிலையைக் கலகலப்பாக்க, "எங்க வூட்ல என்னயும் பேரச் சொல்லித்தாங்க கூப்புடுறாங்க" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. என் நகைச்சுவைக்குக் கிடைத்த நேர்மையான விமர்சனம் அதுதான்.

ஆனால் ஒன்று பார்த்தேன். ஒரு நாள் செருப்பை மறந்துவிட்டுத் திரும்பப் போனபோது, எல்லாரும் போன பிறகு அவர் மட்டும் ஏரிக்கரை மேல், மிகத் தூரத்தில், புங்கமர நிழலில் உட்கார்ந்திருந்தார். கையைப் புருவத்துக்கு மேல் வைத்துத் தண்ணீர்க்குழிப் பக்கம் பார்த்தபடி இருந்தார். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார்.

"எத்தினி வந்துச்சுங்க?" என்றேன்.

"நான் எங்க பாத்தேன்? பஸ்ஸு வரலன்னு உக்காந்திருக்கேன்" என்றார். பஸ் நிறுத்தம் எதிர்த்திசையில்.

இப்போது அந்த மானுக்கு வருகிறேன்.

மக்காச்சோளக் கொல்லைக் கம்பிவேலியில் ஒரு குட்டி பின்னங்கால் மாட்டிக் கிடந்தது. தாயைக் காணோம். வனக்காவலர் வந்தார், டாக்டர் வந்தார், தையல் போட்டார்கள். மூன்று நாள் கட்டு மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். காவலரின் கொட்டகையில் வைத்தார்கள். பிடிப்பதற்குக் கம்பவுண்டரம்மாவைத்தான் கூப்பிட்டார்கள். நானும் ஒத்தாசைக்குப் போனேன், பஞ்சு எடுத்துக் கொடுக்க. அவர் முதலில் செய்தது, ஈரத் துண்டால் குட்டியின் கண்ணைக் கட்டியது. இரண்டாவது, எங்கள் எல்லாரையும் பார்த்து வாயில் விரல் வைத்தது. வளைந்த விரல்.

மூன்று நாளும் அந்தக் கொட்டகையில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டர்கூட ஜாடைதான். குரலைக் கேட்டு வைத்துக்கொள்ளக் கூடாதாம். பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். குட்டியின் நெஞ்சு அவர் மடியில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் அதைத் தடவவே இல்லை. பிடித்த பிடி மட்டும்தான். நான் ஒரு தடவை, சும்மா, காதுக்குப் பின்னால் விரலால் வருடினேன். என் கையைத் தட்டிவிட்டார். பளார் என்று கேட்டது. மூன்று நாளில் அந்தக் கொட்டகையில் எழுந்த ஒரே சத்தம் அதுதான்.

நான்காம் நாள் காப்புக்காட்டு ஓரத்தில் விட்டார்கள். நொண்டி நொண்டி நாலடி போய்த் திரும்பிப் பார்த்தது. அவர் பையிலிருந்து கல்லை எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. குட்டி விழுந்தடித்து ஓடி மறைந்தது. "கல்நெஞ்சுக்காரி" என்று என் பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். யாரோ என்ன, நான்தான்.

அதற்கு அடுத்த கோடையில் அந்த மான் திரும்பி வந்தது. பெரிதாகியிருந்தது. பின்னங்கால் இழுப்பு மட்டும் இருந்தது, அதனால் எனக்கு அடையாளம் தெரிந்தது. அதற்கும் என்னை அடையாளம் தெரிந்துவிட்டது என்று நான் தீர்மானித்தேன்.

என் மாமனார் ஊர் கங்கைகொண்ட சோழபுரம் பக்கம். முந்திரித் தோப்பு. கொட்டையைத் திருகி எடுத்த பிறகு பழம் மரத்தடியில் மலைமலையாகக் கிடந்து அழுகும். ஒரு முறை அங்கிருந்து மொபெட்டில் வரும்போது ஒரு பை பழம் எடுத்து வந்தேன். ஊர்க்காட்டு ஓரம், சாலைக்குப் பக்கத்தில், வாரநாள், ஆள் நடமாட்டமில்லை. நொண்டி மான் ஒரு காரைப்புதரை ஒட்டி நின்றது. ஒரு பழத்தை எறிந்தேன். ஓடிவிட்டது. மறுநாள் அந்தப் பழம் இல்லை. இன்னொன்று போட்டேன். பை தீர்ந்தால் மாமனாரைப் பார்க்கும் சாக்கில் போய் இன்னொரு பை. இப்படியே பத்து நாளில் இருபதடி, பதினைந்து நாளில் பத்தடி. மே மாதம் பாதியில் என் கையிலிருந்து சாப்பிட்டது.

உள்ளங்கையில் ஒரு காட்டு மானின் மூக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஈரமாக, சூடாக இருக்கும். என் வீட்டில், என் கடையில், குழுவில் என் பேச்சுக்கு எங்கேயும் ஒரு மதிப்பு கிடையாது. இது வந்தது. நான் வந்திருக்கிறேன் என்று அதற்குத் தெரிய வேண்டும் என்பதற்காக மொபெட்டை நிறுத்தி ஹாரனை இரண்டு தடவை அடிப்பேன். புதர் அசையும், வரும். பிறகு அதைப் பார்த்து இன்னும் இரண்டு பெட்டை மான்கள் வந்தன. தூரத்தில் நின்று பார்த்தன. பிறகு அவையும் கிட்ட வந்தன.

கிட்ட நின்று போட்டோ எடுத்தேன். போனில் ஸ்டேட்டஸ் வைத்தேன். கம்பவுண்டரம்மா பார்த்துவிடக் கூடாது என்று அவர் நம்பரை மட்டும் மறைத்து வைத்தேன். அவரிடம் இருந்தது பட்டன் போன். அதில் ஸ்டேட்டஸ் என்ன, படமே தெரியாது. இருந்தாலும் மறைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்களோடு போய்ச் சாணி வாளியில் முகம் கழுவிக்கொண்டு, நல்ல பிள்ளையாக நின்றேன்.

சுண்ணாம்புக்கல் லாரிகள் அந்தச் சாலையில் விடிந்ததிலிருந்து ஓடும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குத் தலைவர் போன் செய்தார். நான் போனபோது சாலையோரம் கூட்டம். நொண்டி மான் சாலையின் வெள்ளைக் கோட்டின்மேல் கிடந்தது. கம்பவுண்டரம்மா முதல் பஸ்ஸிலேயே வந்திருந்தார். டிரைவர் சின்ன வயதுப் பையன். ஓடிப் போகாமல் நின்றிருந்தான். கூட்டத்தில் ஒருவர் அவனை அடிக்கக் கை ஓங்கினார். தலைவர் தடுத்து, "கண்ணு தெரியலியா தம்பி? ஹாரன் அடிக்க மாட்டியா?" என்றார்.

"அடிச்சேன் சார். தூரத்துலேயே அடிச்சேன். அடிச்சா ஓடும்னுதான சார் அடிப்போம். இது ஹாரனக் கேட்டுத்தான் புதருக்குள்ளேர்ந்து வெளிய வருது. நான் அடிக்க அடிக்க என்னப் பாத்து நொண்டிக்கிட்டு வருது சார். இப்புடி ஒரு மான நான் பாத்ததே இல்ல."

யாரும் நம்பவில்லை. பொய் சொல்கிறான் என்றார்கள். அந்தக் கூட்டத்தில் அவன் சொல்வது உண்மை என்று தெரிந்தவன் ஒருவன்தான். அவன் வாயைத் திறக்கவில்லை. வாழ்நாள் முழுக்க வாயை மூடாதவன் அன்று மூடிக்கொண்டான்.

செத்த மானை அறுத்துப் பார்த்து எழுதிவிட்டுத்தான் எரிக்க வேண்டும் என்பது விதி. வேம்படியில் வைத்து டாக்டர் அறுத்தார். காலைப் பிடித்துக்கொண்டது கம்பவுண்டரம்மா. ஒரு வருடம் முன்பு பிடித்த அதே கால். இரைப்பையைக் கீறியதும் மஞ்சளாக, நாராக, பாதி செரித்த ஒன்று வழிந்தது. வாடை எல்லாருக்கும் வந்தது. முந்திரிப்பழ வாடையை வேறு எதோடும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள முடியாது. எங்கள் காட்டில் முந்திரி கிடையாது. சுற்றிலும் மக்காச்சோளமும் பருத்தியும் வெங்காயமும்தான்.

டாக்டர் எதையோ எழுதிக்கொண்டார். கம்பவுண்டரம்மா தலையைத் தூக்காமல் கேட்டார்.

"சார், உங்க மாமனாருக்கு எந்த ஊரு?"

அதுவரைக்கும் நான் அவருக்குத் தம்பி.

"கங்கைகொண்ட சோழபுரம் பக்கங்க."

"முந்திரியெல்லாம் முடிஞ்சிருச்சா?"

"முடியப் போவுதுங்க. இந்த வருசம் காய்ப்பு கம்மி" என்றேன். காய்ப்பைப் பற்றி யார் கேட்டார்கள்?

"ம்" என்றார். காலை மெதுவாகக் கீழே வைத்தார். விசாரணை அவ்வளவுதான்.

தலைவருக்கு யோசனை வந்தது. மானுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். சாலையில் போகிறவர்கள் பார்த்துத் திருந்தட்டும் என்றார். படம் வேண்டுமே என்று கைபிசைந்தபோது, என் ஸ்டேட்டஸ் பார்த்திருந்த ஒருவர், "அண்ணன்கிட்ட சூப்பர் படம் இருக்கு" என்றார். பத்தடிக்கு எட்டடி பேனர் அடித்தேன். மானின் முகம் நேராக, கண் அகலத் திறந்து, மூக்கில் பழச்சாறு பளபளக்க. கீழே, 'உன் பிரிவால் வாடும்' என்று எங்கள் எல்லாருடைய பெயர்கள். தொழில் பழக்கத்தில் ஓரத்தில் என் பாஸ்போர்ட் படத்தையும் வைத்துவிட்டேன். வெளுப்பாக்கித்தான்.

அடுத்த ஞாயிறு வேம்புக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில் கட்டினோம். தலைவர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். "எவ்வளவு கிட்டப் போயி எடுத்திருக்காரு பாருங்க. ஒவ்வொரு மயிரும் தெரியுது. பொறுமை வேணும்யா இதுக்கெல்லாம்." சிலர் எனக்குக் கை கொடுத்தார்கள். கொடுத்த கையை நான் குலுக்கினேன்.

கம்பவுண்டரம்மா பேனருக்கு நேரே நின்று பார்த்தார். அவ்வளவு பெரிய கண்ணில் துளி பயம் இல்லை. அதைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். தலைவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மஞ்சப்பையைக் கவிழ்த்தார். கற்கள் மண்ணில் கொட்டின. பையை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அதற்குப் பிறகு வரவில்லை. மூட்டுவலியாம் என்று தலைவர் எல்லாரிடமும் சொன்னார். இன்றுவரை தலைவருக்குத் தெரியாது. இதைப் படித்தால்தான் உண்டு.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதாமலே இருந்திருப்பேன். மறந்துகூடப் போயிருப்பேன், எனக்கு அந்தத் திறமை உண்டு. ஆனால் அந்த இரண்டு பெட்டைகள் இருந்தன.

பத்து நாள் கழித்து அந்த வழியாகப் போகும்போது முன்னால் போன டவுன் பஸ் ஒரு வளைவில் ஹாரன் அடித்தது. காரைப்புதர் அசைந்தது. இரண்டு தலைகள் சாலையைப் பார்த்து நீண்டன. வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன். கையை வீசினேன், கத்தினேன். என் குரல் கேட்டதும் இன்னும் நாலடி கிட்ட வந்தன. கீழே குனிந்து ஒரு கல்லை எடுத்தேன். கையை ஓங்கியதும் முன்னால் நின்றது கழுத்தை நீட்டி, என் மூடிய விரல்களை மோந்து பார்த்தது. பழம் இருக்கிறதா என்று. ஓங்கிய கை அப்படியே நின்றது. கல்லைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு நாலு நாள் போனேன். நாலு நாளும் இதேதான். நான் பழம் கொடுக்கவில்லை, கல்லையும் எறியவில்லை. அவை போகவில்லை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

கம்பவுண்டரம்மா பூலாம்பாடியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். விசாரித்துக்கொண்டு போனேன். வீட்டின் பக்கவாட்டில் கீற்றுப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அருவாமனையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"வாங்க சார்" என்றார்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேங்க. வெங்காயம் வெல ஏறப் போவுதாமே, இப்பவே அழுதுட்டுப் போலாம்னு…" என்று ஆரம்பித்தேன். அவர் பார்த்த பார்வையில் மீதி வாக்கியம் எனக்கே மறந்துவிட்டது.

நின்றுகொண்டே சொன்னேன். "அந்த மானுக்குப் பழம் போட்டது நான்தாங்க. ஹாரன் அடிச்சுக் கூப்புட்டதும் நான்தான்."

"அந்த மொறத்த இப்புடித் தள்ளுங்க."

தள்ளினேன். அறுத்த வெங்காயத்தை அதில் போட்டார். அடுத்ததை எடுத்தார்.

"இன்னும் ரெண்டு இருக்குங்க. ஹாரன் சத்தம் கேட்டா ரோட்டுக்கு வருது. எப்ப வேணாலும் அடிபட்டுரும். நானும் வெரட்டிப் பாத்தேன், கேக்க மாட்டேங்குது. நீங்க ஒரே ஒரு நாள் வந்து நாலு கல்லு எறிஞ்சீங்கன்னா போதும். வண்டி வச்சுக் கூட்டிட்டுப் போயி, வண்டியிலயே கொண்டாந்து வுட்டுர்றேன். அப்புறம் நான் அந்தப் பக்கமே தலவச்சுப் படுக்க மாட்டேன்."

அருவாமனையில் வெங்காயம் நழுவாமல் பிடித்துக்கொண்டு, அவர் நிமிர்ந்தார்.

"என்னப் பாத்து எப்பவும் ஓடுதுங்கதான சார், உங்களப் பாத்துல்ல ஓடணும்."